பதினோராவது ரீல்

டெலிபோன் அலறிய அலறலில் காமுவின் கையிலிருந்த டபரா நழுவி விழுந்து, சமையலறை முழுக்க ஒரு சுற்று உருண்டு ஓய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, மணி ஐந்தே முக்கால்.

பட்டாபிராமன் ஒரே பாய்ச்சலில் போய் ரிசீவரை எடுத்தார். எதிர்முனைக்காரர் போட்ட சத்தம் கூடம் தாண்டிக் காமுவுக்கும் கேட்டது.

"பட்டாபி! மஹாதேவன் பேசறேன். மெட்ராஸ் மெயில் எங்க சாந்த்ராகாச்சியிலேயே நின்னுண்டிருக்கு. ராத்திரி மழையில மேற்கொண்டு லைன்ல தண்ணி. எப்ப ஹௌராவுக்கு நகரும்னு யாருக்கும் தெரியலை."

"படப்பெட்டி?"

"பார்சல் வண்டியிலதான் இருக்கு. ரசீதை எடுத்துண்டு நீ நேரே இங்க வா. இந்த ரயிலோட கார்டு நமக்குத் தெரிஞ்சவன்தான். கெஞ்சிக் கூத்தாடி இறக்கிடலாம்."

மஹாதேவனுக்கு ரயில்வேயில் உத்தியோகம், பட்டாபிராமனுக்குத் துறைமுகத்தில். இருவரும் சேர்ந்துதான் லேக் மார்க்கெட் தமிழர்களுக்காக மாதம் ஒரு ஞாயிறு காலையில் ஒரு தமிழ்ப்படம் போட்டுக் காட்டி வந்தார்கள். வழக்கமாக மெட்ராஸில் ஓடி முடிந்து, கோடு விழுந்த பிரதிதான் கல்கத்தாவுக்கு வரும். இந்தத் தடவை அப்படியில்லை. மெட்ராஸில் வெளியாகிப் பத்தே நாள் ஆன படம். ஒரே ஒரு காட்சி. சாயங்காலமே பெட்டி காரக்பூருக்குப் போய்விடும்.

"லேட்டானா ஹால் மானேஜர் ஒரு ரீலை எடுக்கச் சொல்லுவானே?" என்றார் மஹாதேவன்.

"எடுத்துத்தான் ஆகணும். பதினொண்ணாவது ரீலைத் தூக்கினா கதைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு மெட்ராஸ்காரன் சொல்றான். நான் வரேன், பார்த்துக்கலாம்."

டபராவை எடுக்கக் குனிந்த காமு அப்படியே நின்றாள்.

பதினோராவது ரீலில்தான் சாதனா வருகிறாள்.

சாதனா அவர்களுடைய ஒரே பெண். நாலு வருஷத்துக்கு முன், பி.காம். முடித்த கையோடு, சினிமாவில் நடிக்கப் போகிறேன் என்று மெட்ராஸுக்கு ரயிலேறியவள். அன்றைக்குப் பட்டாபிராமன் போட்ட சத்தத்தில் மேல்வீட்டு வங்காளிக் குடும்பம் மொத்தமும் படியிறங்கி வந்துவிட்டது. 'சினிமா பாக்கறதுக்குத்தாண்டி, போய்ச் சேர்றதுக்கு இல்லை! இனிமே இந்த வீட்டுல அவ பேரை யாரும் எடுக்கக் கூடாது' என்றார். யாரும் எடுக்கவில்லை.

ஆனால் மூன்றே மாதத்தில், லேக் மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் லக்ஷ்மிநாராயணன், காப்பிப் பொடிப் பொட்டலத்தோடு ஒரு கடிதத்தையும் காமுவின் பையில் போட்டார். பெண்ணின் கையெழுத்து. சின்ன வயதிலிருந்து பழகிய கடை, புத்திசாலித்தனமாக அந்த விலாசத்துக்கு எழுதியிருக்கிறாள் என்று காமு பூரித்துப் போனாள். அதன்பிறகு மாதம் ஒன்று தவறாமல் வந்தது. "காப்பிப் பொடி தீர்ந்துடுத்தா பாரு, போய் வாங்கிண்டு வா" என்று சில சனிக்கிழமைகளில் பட்டாபிராமனே அவளை விரட்டுவார். அரை டப்பா பொடி பாக்கியிருக்கும். பாவம், ஒன்றும் தெரியாத மனுஷர் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே அவள் கிளம்புவாள்.

போன மாதக் கடிதத்தில் சாதனா எழுதியிருந்தாள்: 'அம்மா, முதல் தடவையாக எனக்கு வசனம் கொடுத்திருக்கிறார்கள். என் சொந்தக் குரலிலேயே பேசியிருக்கிறேன். பதினோராவது ரீல், ஆஸ்பத்திரி ஸீன், நர்ஸ். ஆறாவது ரீலில் ஹீரோ பனிமலையில் ஆடுகிறான், அப்போது தூங்கினாலும் பரவாயில்லை. பதினொன்றில் மட்டும் கண்ணைச் சிமிட்டிவிடாதே, போய்விடுவேன்.'

பட்டாபிராமன் சட்டையை மாட்டிக்கொண்டு குடையைத் தேடினார்.

"ஏன்னா..."

"என்ன?"

"அந்த... வந்து... பதினொண்ணாவது..." சொன்னால் கடிதம் வெளியே வரும். தெரிந்தால் அவர் அதையும் நிறுத்திவிடுவார். "ஒண்ணுமில்லை. குடை கதவுக்குப் பின்னால இருக்கு."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

*

காட்சி ஒன்பதரை மணிக்கு. ஒன்பதுக்கே தியேட்டர் வாசலில் திருவிழாக் கூட்டம். நனைந்த குடைகள், மல்லிகைப்பூ, துறைமுகக் குவார்ட்டர்ஸ் பையன்களின் விசில். ஹீரோ பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு வந்த ரசிகர் யாருமில்லையே தவிர, மற்றதெல்லாம் மெட்ராஸ் மாதிரியே இருந்தது. பனிமலைப் பாட்டின் காஸெட் இரண்டு மாதமாக லேக் மார்க்கெட்டில் ஓடித் தேய்ந்திருந்தது. எல்லோரும் அதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள்.

காமுவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாசலுக்கும் படிக்கட்டுக்குமாக நடந்தாள்.

"என்ன மாமி, சாமி ஊர்வலம் மாதிரி சுத்திண்டே இருக்கேள்? மாமா வந்துடுவார், உக்காருங்கோ" என்றாள் பக்கத்து ஃபிளாட் வசுமதி.

ஒன்பதே முக்கால். ஒன்பது ஐம்பத்தைந்து. மானேஜர் வெளியே வந்து, மத்தியானக் காட்சி பன்னிரண்டரைக்கு, பன்னிரண்டேகாலுக்கு ஹால் காலியாக வேண்டும் என்று வங்காளியில் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

பத்து மணி ஆக ஒரு நிமிஷம் இருக்கையில் மஞ்சள் டாக்ஸி ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. டிக்கியில் தகரப் பெட்டிகள். பட்டாபிராமன் முழங்கால் வரை சேற்றோடு இறங்கினார். கூட்டம் அவருக்கே கைதட்டியது. அவர் யாரையும் பார்க்காமல் பெட்டிகளோடு மாடியேறினார். இரண்டு நிமிஷத்தில் இறங்கி வந்து மானேஜர் அறைக்குள் நுழைந்தார்.

காமு கணக்குப் போட்டாள். பதினாலு ரீல். விளம்பரம் கிடையாது, இடைவேளை கிடையாது என்றாலும் ஒரு ரீல் இடிக்கிறது.

இனி யோசிக்க நேரமில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆபரேட்டர் அறைக்குப் படியேறினாள். உள்ளே நிமாய், பல்லிடுக்கில் பீடியோடு முதல் ரீலை மாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. எந்த ரீலை விடுவது என்பதை, அவன் தாதா, அதாவது அண்ணா, என்று கூப்பிடும் பட்டாபிராமன் சொன்னால்தான் உண்டு; காமு அவனுக்கு பௌதி, அண்ணி.

"நிமாய், தாதா சொல்லியனுப்பினார்" என்றாள் காமு வங்காளியில். வாழ்க்கையில் முதல் பெரிய பொய். "பதினொண்ணு இருக்கட்டுமாம். ஆறாவதை விட்டுடச் சொன்னார். ஆறு. மறந்துடாதே."

நிமாய் பீடியைக் கையிலெடுத்தான். அவளை ஏற இறங்கப் பார்த்தான். ஏனோ சிரித்தான். "பௌதி, தாதாதான்..." என்று ஆரம்பிப்பதற்குள் கீழேயிருந்து மணி அடித்தது. "ஆச்சா, ஆச்சா, ஆறு!" என்று மெஷின் பக்கம் திரும்பிவிட்டான்.

*

ஐம்பதாவது நிமிஷத்தில் வெடித்தது.

கதாநாயகி கண்ணை மூடி, "எங்கேயாவது தூரமாப் போயிடலாமா?" என்றாள். ஹாலே எழுந்து நின்றது. காகிதத்துண்டுகள் பறக்கத் தயாராக இருந்தன. திரை ஒரு தடவை குதித்தது. அடுத்த காட்சியில் கதாநாயகன் சம்பந்தமே இல்லாமல் ஒரு வக்கீலோடு பேசிக்கொண்டிருந்தான்.

"டேய்! பாட்டு எங்கடா?"

"பாட்டைக் கத்திரி போட்டவன் யாருடா? வெளிய வா!"

பையன்கள் நாற்காலிகளைத் தடதடத்தார்கள். நாலைந்து பேர் பின்கதவுப் பக்கம் ஓடினார்கள். அங்கேதான் பட்டாபிராமன் நிற்பார், எப்போதும்.

"சார், இது நியாயமா சார்? ரெண்டு மாசமாக் காத்துக் கெடந்தோம்!"

"ஆமாம்ப்பா. நான்தான் எடுக்கச் சொன்னேன். நேரமில்லை" என்று அவர் குரல் கேட்டது.

காமு இருட்டில் விறைத்துப் போனாள். இவர் ஏன் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்? நிமாய் சொல்லிவிட்டானா? கூட்டத்துக்கு முன்னால் மானத்தைக் காப்பாற்றிவிட்டு, வீட்டுக்குப் போனதும் கேட்கப் போகிறாரா? எழுந்து போய்க் காலில் விழலாமா என்றிருந்தது. ஆனால் எழுந்தால் பதினொன்று போய்விடுமே.

ஏழு போயிற்று. எட்டு, ஒன்பது. திரையில் யார் அழுதார்கள், யார் அடித்தார்கள் என்று ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. பின்னால் ரகளை மட்டும் ஓயவில்லை.

சட்டென்று ஆஸ்பத்திரி வராந்தா வந்தது. காமு இமைக்காமல் நிமிர்ந்தாள். கதாநாயகனின் சித்தப்பா கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். வலது பக்கக் கதவு திறந்தது.

வெள்ளை உடை. கொஞ்சம் இளைத்திருந்தாள். நெற்றியில் அதே பழைய தழும்பு, பவுடரையும் மீறி.

"இங்க யாரும் சத்தம் போடக் கூடாது. உள்ள உயிருக்குப் போராடிட்டிருக்காங்க. முதல்ல உட்காருங்க!"

பாட்டுக்காகக் கத்திக்கொண்டிருந்த ஹால் ஒரு விநாடி திகைத்தது. பிறகு கொல்லென்று சிரித்தது.

"டேய், அக்கா சொல்றாங்கல்ல? உக்காருங்கடா!" என்றான் எவனோ. ஆளாளுக்குச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

"மாமி! இது நம்ம..." என்று வாயெடுத்த வசுமதி, காமுவின் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கிக்கொண்டு அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

காமு திரும்பிப் பார்த்தாள். பின்கதவருகே இன்னும் இரண்டு பையன்கள் பட்டாபிராமனிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அவர்கள் தலைக்கு மேலாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

பெட்டிகளை மஹாதேவன் எடுத்துப் போய்விட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரே குடையில் இருவரும் லேக் மார்க்கெட் வழியாக நடந்தார்கள். லக்ஷ்மிநாராயணன் கடையைப் பாதி மூடிவிட்டு உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கடை வாசலில் காமுவுக்கு அதற்குமேல் நடக்க முடியவில்லை.

"ஏன்னா, நான் ஒரு பொய் சொல்லிட்டேன். ஆறாவது ரீலை எடுக்கச் சொல்லி, நீங்க சொன்னதா நிமாய்கிட்ட நான்தான்..."

"தெரியும். நிமாய் சொன்னான். 'தாதா பெட்டி வந்த உடனேயே ஆறுன்னார், பௌதியும் மூச்சு வாங்க ஓடி வந்து அதே ஆறைச் சொல்றா, உங்காத்துல எல்லாருக்கும் அந்தப் பாட்டு மேல என்ன கோபம்'னு கேட்டான்."

காமுவுக்குக் குடைக்குள் நிற்கிறோமா, வெளியே நிற்கிறோமா என்றே தெரியவில்லை.

"நீங்களும் ஆறா? அவ பதினொண்ணுல வரான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பட்டாபிராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஆபீசுக்குப் போடு, அம்மாவுக்கு லக்ஷ்மிநாராயணன் கடைக்குப் போடுன்னு அவளுக்கு எழுதினதே நான்தானே, காமு."