முப்பத்துமூன்று எழுத்துக்கும் ஒரே வரி

“ஊர்ல இருக்கற டைப்பிஸ்டுங்க எல்லாரும் ஒரே வரியைத்தான அடிச்சுக் குடுக்கறாங்க? நீ மட்டும் எதுக்கு—”

“மெதுவா பேசு சியூரி, சுவருக்கு அந்தப் பக்கம்—”

“—சொந்தமா எழுதின? கேக்கட்டும் அண்ணி. என் புருஷன் உள்ள போனது குத்தாயிசி ஊர் பூரா தெரியும்.”

நசிப்ரோலா சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். சியூரி அவள் கணவனின் தங்கை.

தேயிலை அலுவலகத்தில் நசிப்ரோலா தட்டச்சுக்காரி. பெரிய விடுமுறை வருவதற்கு முன் ஒவ்வொரு அலுவலகமும், தங்கள் மொழியின் முப்பத்துமூன்று எழுத்தும் வருகிற ஒரு வரியைத் தன் இயந்திரத்தில் அடித்துப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்தாக வேண்டும். துண்டுப் பிரசுரம் ஏதும் சிக்கினால் எந்த இயந்திரம் என்று ஒப்பிட்டுப் பார்க்க. மற்றவர்கள் பழைய வரியையே அடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவளுக்கு அது சப்பென்று இருந்தது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, ஆலங்கட்டி மழையில் விருந்தாளிக்கு மது சுமந்து மலையேறும் கோவேறு கழுதையை ஒரே வரியில் எழுதினாள். புத்தாண்டு விருந்தில் அந்த வரிக்காகக் கோப்பையைத் தூக்கி எல்லாரையும் குடிக்க வைத்தவன் சியூரியின் கணவன் அவ்தாந்தில்தான்.

ஏப்ரலில் அலுவலகத்து அடுப்பைச் சரிசெய்ய வந்த அதே அவ்தாந்தில், ஆளில்லாத நேரத்தில் அவள் இயந்திரத்தில் உட்கார்ந்து, நம் மொழியை அரசியல் சட்டத்திலிருந்து எடுக்காதே என்று நாற்பது தாள் அடித்தான். அதில் ஒன்று சிக்கியது; எழுத்து அவள் கொடுத்த வரியோடு பொருந்தியது.

“அவங்ககிட்ட குடுத்தப்ப கம்பளி ஆலைத் தாளும் உங்க தாளும் மாறிப்போச்சுன்னு நாளைக்குப் போய்ச் சொல்லு. சந்தேகம்னு வந்தாலே தண்டனை குறையும்னு வக்கீல் சொல்றாரு.”

“வேற தாளா இருந்தா சொல்லலாம். அந்தக் கழுதை என்னுதுன்னு டைரக்டர்லேர்ந்து வாசல் பெருக்கறவ வரைக்கும் தெரியுமே. ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடிச்சதே உன் வீட்டுக்காரருதான்.”

“அவரு மேல போடாத.”

“அவருக்கு என் மிஷின்தான் கெடைச்சுதா?”

“அதை அவரு வந்தப்புறம் கேளு. இப்ப அந்த வரி உன் மிஷின்ல அடிச்சதுன்னு கையெழுத்து மட்டும் போட்டுடாத.”

“காலையிலயே கூப்பிட்டாங்க,” என்றாள் நசிப்ரோலா. “போட்டுட்டேன்.”

சியூரி தட்டைத் தள்ளி வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. நசிப்ரோலாவே பேசிக்கொண்டு போனாள்.

“மரியாதையாத்தான் நடத்தினாங்க. காப்பி குடுத்தாங்க. அந்த அதிகாரி வரியை ரெண்டு தடவை படிச்சுப் பாத்தான். இனிமே எல்லா ஆபீசும் இதையே அடிக்கட்டும், இவ்வளவு அழகா யாரும் எழுதினதில்லன்னான்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சியூரி எழுந்து தலைத்துணியைக் கட்டினாள். கதவருகே போய் நின்றாள்.

“அதைக் கேட்டப்ப சந்தோஷமா இருந்துச்சா, அண்ணி?”