பதினேழாம் எண் சாவி

‘வாகனத்தின் சாவியைத் தளப் பணியாளரிடம் ஒப்படைக்கவும். ஒப்படைக்காத வாகனம் கப்பலில் ஏற்றப்பட மாட்டாது.’

பலகையில் இருந்த இந்த இரண்டு வரியை நான் மூன்று முறை படித்தேன். புரியாமல் இல்லை. எங்காவது ஒரு சந்து இருக்குமா என்றுதான்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பாத்திர மொத்த வியாபாரம். கடையைப் பூட்டியதும் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்போம். பத்தடி நடந்த பிறகு திரும்பி வந்து நான்காவது முறை இழுப்போம். சாவியை அடுத்தவன் கையில் கொடுப்பது எங்களுக்குப் பெண் கொடுப்பதைவிடப் பெரிய விஷயம். பெண் கொடுக்கும்போதாவது நாலு இடத்தில் விசாரிப்பார்கள். இங்கே சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு ஆள், முகத்தைக்கூடப் பார்க்காமல் கையை நீட்டுகிறான்.

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள் பயணிகள் வாசல் வழியாகத்தான் ஏற வேண்டுமாம். என் மனைவியை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். போகும்போதே சொன்னாள்:

“சாவியக் கேட்டா குடுத்துடுங்க. நின்னு பேரம் பேசிட்டு இருக்காதீங்க.”

“நான் எப்ப பேரம் பேசினேன்?”

“தாலி கட்டுற நேரத்துல மேளக்காரர்கிட்ட பேசினீங்களே.”

இருபத்திரண்டு வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதே இருபத்திரண்டு வருஷமாக நானும் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தேன்: ஒரு நாள் உன்னை மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்து நாடு நாடாகச் சுற்றிக் காட்டுவேன் என்று. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, நான்கு மாதத்துக்கு ஒரு வழியாகப் புறப்பட்டாயிற்று. இந்தக் கடலைத் தாண்டினால் அந்தப் பக்கம் எட்டு நாடு.

“அண்ணே, சாவி,” என்றான் சிவப்புத் தொப்பி.

“கட்டித்தானப்பா வைக்கப் போறீங்க? வண்டி எங்க ஓடிடப் போகுது?”

“எடத்த மாத்த வேண்டி வந்தா?”

“எதுக்கு மாத்தணும்?”

“அத கடல்கிட்டதான் கேக்கணும். பின்னாடி பதினாறு லாரி நிக்குது, குடுங்கண்ணே.”

என் வளையத்தில் இரண்டு சாவிகள். ஒன்று வண்டிக்கு, இன்னொன்று பின் சக்கரத்தின் இரு பக்கமும் தொங்கும் இரும்புப் பெட்டிகளுக்கு. இரண்டுக்கும் ஒரே மாதிரி கறுப்புத் தலை. நான் ஒவ்வொரு முறையும் மாற்றிச் செருகித் திட்டு வாங்கியதால், பெட்டிச் சாவியில் மனைவி ஒரு பச்சை நூலைச் சுற்றி வைத்திருந்தாள்.

கை தானாகச் செய்தது. ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்துப் பூட்டினேன். லாரி இரைச்சலில் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. வண்டிச் சாவியைக் கழற்றி இடுப்பு உள்பையில் போட்டுக்கொண்டு, பெட்டிச் சாவியை அவனிடம் நீட்டினேன். அவன் அதில் பதினேழு என்று எழுதிய தகரத் துண்டைக் கோத்து, அதே எண் போட்ட சீட்டை எனக்குக் கொடுத்தான். பிறகு குனிந்து நான்கு பட்டைகளை இழுத்து வண்டியைத் தரையோடு கட்டினான். சும்மா சொல்லக் கூடாது, சுத்தமான வேலை.

ஏழு மணிக்குக் கப்பல் கிளம்பியது. ஒரு கப்பலையே ஏமாற்றிவிட்ட குஷியோடு மேலே போனேன்.

“கட்டிட்டாங்களா?” என்றாள் மனைவி.

“நாலு பட்டை.”

“சாவி?”

“குடுத்தாச்சு.”

இது பொய்யில்லை. ஒரு சாவி கொடுத்தேன். எந்தச் சாவி என்று அவள் கேட்கவில்லை. கடையிலும் நாங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொல்வோம்.

“அய்யோ, ஸ்வெட்டர பெட்டியிலயே விட்டுட்டேன். இங்க ஏசி கொல்லுது. போய் எடுத்துட்டு வாங்களேன்.”

“கீழ கதவ பூட்டிட்டாங்க. எறங்குற வரைக்கும் யாரையும் விடமாட்டாங்களாம்.”

அதுவும் உண்மைதான். அவள் தோளைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மூன்றாவது மணி நேரத்தில் கடல் தன் குணத்தைக் காட்டியது. ஜன்னலில் ஒரு சமயம் வானம் மட்டும் தெரிந்தது, அடுத்த சமயம் தண்ணீர் மட்டும். மேஜையில் இருந்த தேநீர்க் குவளை தானே நடந்து போய் எதிர் வரிசைக்காரர் மடியில் உட்கார்ந்தது. மனைவி புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். எனக்குக் காது மட்டும் கீழே இருந்தது. சங்கிலி இழுபடும் சத்தம். கனமான எதுவோ நகர்ந்து நிற்கும் சத்தம். யாரோ கத்துவது.

அப்போது ஒலிபெருக்கி பேசியது.

“வாகன எண் பதினேழு. உரிமையாளர் உடனே தகவல் மேசைக்கு வரவும்.”

கண்டுபிடித்துவிட்டார்கள்! போனால் என்ன கேட்பார்கள்? ‘உண்மையான சாவி எங்கே?’ என்பார்கள். எடுத்துக் கொடுத்தால், ‘அப்போது காலையில் கொடுத்தது என்ன?’ என்பார்கள். பொய்ச் சாவி கொடுத்தவன் வண்டியை அடுத்த துறைமுகத்தில் இறக்க விடுவார்களா? போகாவிட்டால்? தூங்கிவிட்டேன் என்று சொல்லலாம். தூக்கத்துக்குச் சட்டம் கிடையாது.

“யாரையோ கூப்பிடறாங்க,” என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

“யாரையோ,” என்றேன். சீட்டு என் சட்டைப் பையில் இருந்ததால் அவளுக்கு எண் தெரியாது.

இரண்டாவது முறை கூப்பிட்டபோது நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். ஐம்பது வயது ஆள், கையில் சீட்டை வைத்துக்கொண்டு, ஆடுகிற கப்பலில் சுவரைப் பிடித்தபடி நின்றேன். மூன்றாவது முறை கூப்பிடவில்லை. கூப்பிட்டபோது இருந்த பயத்தைவிட, கூப்பிடாதபோது வந்த பயம் பெரிதாக இருந்தது.

இரண்டு மணிக்குத் துறைமுகம். கீழ்க் கதவு திறந்ததும் முண்டியடித்து இறங்கினேன். வண்டி நான் விட்ட இடத்தில் இல்லை. நான்கு முழம் தள்ளி, தூணோடு கட்டியிருந்தது. பூட்டின் நாக்கு ஒடிந்து, ஹேண்டில் தொளதொளவென்று இரண்டு பக்கமும் ஆடியது. அருகில் சிவப்புத் தொப்பி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது.

“மன்னிச்சுக்கோங்கண்ணே. பின்னாடி லாரி நழுவ ஆரம்பிச்சுடுச்சு. அதுக்குச் சங்கிலி மாட்ட வேண்டிய வளையம் உங்க வண்டிக்கு அடியில. சாவியப் போட்டேன், திரும்பல. மேல ரெண்டு தடவ கூப்பிடச் சொன்னேன். அப்புறம் மூணு பேரா சேந்து பூட்ட ஒடிச்சுத் தள்ளினோம். இல்லேன்னா லாரி உங்க வண்டிய அப்பளமாக்கியிருக்கும்.”

“தூங்கிட்டேம்பா,” என்றேன்.

“அதனால என்னண்ணே. உங்க வண்டி தப்பிச்சுது, அது போதும்.”

இதற்கு அவன் என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம்.

சுங்கக் கூடத்தில் மனைவி வந்து சேர்ந்துகொண்டாள். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்த பெண் அதிகாரி, காகிதங்களைப் பார்ப்பதற்கு முன்னால் ஹேண்டிலைத்தான் பார்த்தார். ஒரு விரலால் தள்ளினார். அது கேட் மாதிரி ஆடியது.

“பூட்டு ஒடஞ்சிருக்கே, சார்?”

“கப்பல்ல ஒடச்சுட்டாங்க, மேடம்.”

“போன மாசம் வந்த ரெண்டு திருட்டு வண்டியும் இப்படித்தான் சொல்லிச்சு. நாலு மணிக்கு இதே கப்பல் திரும்புது. எனக்குத் திருப்தி வரலேன்னா வண்டி அதுல போயிடும். நீங்க ரெண்டு பேரும் தாராளமா ஊர் சுத்திப் பாக்கலாம், நடந்து.”

கடிகாரத்தில் இரண்டு நாற்பது.

கப்பலின் தள அதிகாரி சிவப்புத் தொப்பியைக் கூட்டிக்கொண்டு வேகமாக வந்தார். பயணி புகார் எழுதுவதற்குள் வாயை அடைக்க வந்தவர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. எதிராளியின் அவசரத்தை மோப்பம் பிடிக்க எனக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

“தப்பு எங்க மேலதான் சார். சரியான சாவி கையில இருக்கு, இவன் அவசரப்பட்டு ஒடச்சிருக்கான். இந்த ஆள இன்னிக்கே வேலையிலேர்ந்து எறக்கி விட்டுடறோம். உங்க ரெண்டு பேருக்கும் வண்டிக்கும் திரும்பி வர டிக்கெட் இலவசம்.”

“கேபினோடவா?” என்றேன்.

மனசாட்சி எழுந்து செருப்பு மாட்டுவதற்குள் என் நாக்கு கடைத்தெரு வரை போய்விடும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

“கேபினோட,” என்றார் அவர்.

சிவப்புத் தொப்பி பதினேழாம் எண் சாவியை மேஜையில் வைத்தான். தகரத் துண்டுக்கு மேலே பச்சை நூல்.

மனைவி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னைத் திட்டாமல் பார்த்தது அந்த ஒரு முறைதான். திட்டியிருந்தால் தேவலை.

“வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க,” என்றார் பெண் அதிகாரி.

மேஜைச் சாவியைத் தொடாமல் உள்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தேன். “இது ரெண்டாவது சாவி,” என்று முணுமுணுத்தேன். வண்டி ஒரே அழுத்தில் கிளம்பியது. காகிதத்தில் இருந்த வண்டி எண்ணையும் சரிபார்த்தார், பொருந்தியது. அவர் முகம் கொஞ்சம் இளகியது. எனக்கு மூச்சு வந்தது.

“சரி. பெட்டியத் திறங்க.”

வந்த மூச்சு அப்படியே திரும்பிப் போனது. பெட்டியைத் திறக்கும் சாவி உலகத்தில் ஒன்றுதான். அது பதினேழு என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு மேஜையில் கிடக்கிறது.

என் மண்டைக்குள் தராசு ஆடத் தொடங்கியது. பெட்டிச் சாவி தொலைந்துவிட்டது என்றால் போதும். கூடத்தின் மூலையில் இரும்பு வெட்டும் மெஷினோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு பெட்டி போகும். டிக்கெட் நிற்கும், கேபின் நிற்கும், மானம் நிற்கும். அந்தச் சாவியை எடுத்துத் திறந்தாலோ, கப்பலை ஏமாற்றியவன் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. அப்படிப்பட்டவன் வண்டியை இந்த அம்மாள் உள்ளே விடுவாரா? எட்டு நாடும் இந்தக் கூடத்தோடு முடிந்துவிடும். இன்னொரு தட்டில் ஒரு ஆள், கையில் துணி சுற்றிக்கொண்டு தன் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

“பெட்டி சாவி...” என்று இழுத்தேன்.

“எனக்குக் குளிருதுங்க,” என்றாள் மனைவி. “ஸ்வெட்டர் அதுக்குள்ளதான் இருக்கு.”

அவ்வளவுதான் சொன்னாள்.

மேஜையிலிருந்து பதினேழாம் எண் சாவியை எடுத்தேன். தகரத் துண்டு பெட்டியின் மேல் இடித்து இடித்துச் சத்தம் போட்டது. ஒரே திருப்பில் பெட்டி திறந்தது.

தள அதிகாரியின் வாயும்தான்.

“இவர் மேல தப்பில்ல,” என்றேன். “நான் குடுத்ததே பெட்டி சாவி. தெரிஞ்சேதான் குடுத்தேன். கூப்பிட்டதும் காதுல விழுந்துச்சு. நான் தூங்கல.”

பெண் அதிகாரி பெட்டிக்குள் கையை விட்டார். முதலில் ஸ்வெட்டர் வந்தது. அதை மனைவியிடம் கொடுத்தார். அடுத்து ஒரு சங்கிலி, அதில் ஒரு பூட்டு. அடுத்து சக்கரத்துக்கு மாட்டும் பூட்டு. அதற்கும் கீழே துணியில் சுற்றி, எங்கள் கடைக் கதவுக்குப் போடும் அரைக் கிலோ பித்தளைப் பூட்டு.

“இது எதுக்கு?”

“ஒரு... ஒரு தைரியத்துக்கு, மேடம்.”

“இன்னொரு பெட்டியில?”

“ரெண்டு கம்பிப் பூட்டு இருக்கு,” என்றாள் மனைவி, ஸ்வெட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டே. “ராத்திரி சமயத்துல என்னையும் சேத்துப் பூட்டிடுவாரோன்னு பயந்துட்டே படுப்பேன்.”

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பித்தளைப் பூட்டைக் கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் இரண்டு முறை தூக்கினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்துக் காகிதத்தில் ஓங்கி ஒரு குத்து.

“திருடன் இத்தன பூட்ட சுமக்க மாட்டான். போங்க.”

தள அதிகாரி அவ்வளவு சுலபமாக விடவில்லை. டிக்கெட் கிடையாது, கேபின் கிடையாது, இனிமேல் இந்தக் கப்பலில் எனக்கு இடமும் கிடையாது என்றார். திரும்பி வர வேறு வழிதான் தேட வேண்டும். எந்த வழி, எத்தனை நாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சிவப்புத் தொப்பியைப் பார்த்து, “வேலையப் போய்ப் பாரு,” என்றார். அவன் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டான்.

அவன் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினேன். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“அண்ணே! பின்னாடி உக்காந்திருக்கறவங்க ஒரிஜினல்தானே?”

மனைவி சிரித்தாள். ஊருக்குள் முதல் தேநீர்க் கடையில் நிறுத்தி இறங்கினேன். பழக்கதோஷத்தில் ஹேண்டிலைப் பூட்ட இடது பக்கம் ஒடித்தேன். அது சொன்னபடி இரண்டு பக்கமும் போய் வந்தது. சங்கிலிப் பூட்டு நினைவுக்கு வந்து பெட்டிப் பக்கம் குனிந்தேன். சாவி கையில் இல்லை.

பச்சை நூலோடு அது அவள் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

“நீங்க போய்க் குடிச்சிட்டு வாங்க,” என்றாள். “நான் பாத்துக்கறேன்.”

குடித்தேன். கடைக்குள்ளிருந்து நான்கு முறை எட்டிப் பார்த்தேன்.