உள்பக்கம் திறக்கும் கதவு

கதவு நாலு விரல் அகலம் திறந்தது, அதற்குமேல் நகரவில்லை. இடுக்கில் கணவரின் உள்ளங்கால் தெரிந்தது. அவள் அதைத் தட்டினாள்.

"என்னங்க, சோறு ஆறுது. எழுந்திருங்க."

கால் அசையவில்லை. உள்ளே குழாய் கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணா!"

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவள் கணவர், வீட்டுக்குப் பின்னால் தன் கையாலேயே ஒரு கேரவன் கட்டிக்கொண்டிருந்தார். காருக்குப் பின்னால் மாட்டி, ஊர் ஊராக இழுத்துப்போக. "பாத்ரூம் இல்லாத வண்டியில நான் ஏற மாட்டேன்" என்று அவள் ஒரே போடாகப் போட்டதால், அலமாரி வரவேண்டிய மூலையில் நாலடிக்கு மூன்றடி பாத்ரூம் முளைத்தது. அதன் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று தீர்ப்பு வழங்கியவர் அவளுடைய அண்ணன். ஓய்வு பெற்ற தலைமைப் பொறியாளர். ஆணி அடிக்கவும் வரைபடம் கேட்பவர். "வெளிய திறந்தா வழி அடைச்சுக்கும் மாப்ள. உள்ள திறக்கறதுதான் முறை." டிரைவர் தலையாட்டிவிட்டார். இந்த மச்சானோடு வாதாடுவதற்கு மலைப்பாதையில் லாரியை முந்துவது சுலபம்.

அண்ணன் ஓடிவந்து இடுக்கைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. போனை எடுத்துப் பேசினார். வாய் மட்டும் பழக்கத்தை விடவில்லை.

"ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன். பதறக் கூடாது. மொதல்ல கீல் ஸ்க்ரூவக் கழட்டணும்."

"கீல் உள்பக்கம் இருக்குண்ணா."

"அப்போ முறைப்படி..."

"அவர் மூச்சு விடறாரான்னே தெரியல. உங்க முறையத் தூக்கி அந்தாண்ட போடுங்க!"

அண்ணனிடம் அவள் போட்ட முதல் சத்தம் அது. கடப்பாரையை எடுத்தாள். மூன்று வாரம் அவர் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய பிளைவுட் சுவர் முதல் குத்திலேயே பிளந்தது. அவர் பார்த்தால் திட்டுவாரே என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே மறுபடி குத்தினாள்.

எதிர்ச் சுவரில் சாய்ந்து, கதவை முட்டக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்பேனர். தொட்டாள். சில்லென்றிருந்தது.

ஆம்புலன்ஸ்காரர் சுவர் ஓட்டை வழியாக நுழைந்து, கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். குழாயை மூடினார்.

"ஒரு மணி நேரம் ஆயிருக்கும்மா."

அந்த ஒரு மணி நேரத்தில் அவள் அடுக்களையிலிருந்து இரண்டு முறை, "தண்ணிய நிறுத்துங்க, டேங்க் காலியாயிடும்" என்று கத்தியிருந்தாள். பதில் வராததை வீம்பு என்று எடுத்துக்கொண்டாள்.

"நான்தான் உள்ள திறக்கச் சொன்னேன்" என்றார் அண்ணன். யாரும் கேட்கவில்லை.

"கதவு எப்படித் திறந்திருந்தாலும் இதான் சார்" என்றார் ஆம்புலன்ஸ்காரர். அண்ணன் உடைந்த பிளைவுட் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார்.

அவரைத் தூக்கிச் சென்றபின், அவள் பாத்ரூம் சுவரைப் பிடித்து எழுந்தாள். எதிரே புதுக் கண்ணாடி. அதன் ஓரத்து ஒட்டுத்தாளைக்கூட அவர் இன்னும் உரிக்கவில்லை. அவர் ஆறடி உயரம்; நின்றால் அவர் தலை அதில் தெரியாது. கண்ணாடியின் நடுவில், கூந்தலெல்லாம் மரத்தூளாக, அவள் முகம் முழுதாகத் தெரிந்தது. பின்னால் நின்ற அண்ணனுக்குச் சட்டைப் பொத்தான்வரைதான்.