கடைச் சைக்கிளும் லாதினாவின் இடது குதிகாலும்

கடையில் தொங்கிக்கொண்டிருந்த சைக்கிளை லாதினா ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தாள். வந்துவிட்டது. கறுப்புக் கார்பன் சட்டம், முன்சக்கரத்துக்கு மட்டும் ஸ்பிரிங், பின்னால் ஒன்றும் கிடையாது. மலை ஏறுகிறவருக்குத் தேவையில்லாத ஒரு திருகாணிகூட அதில் இல்லை. பக்கத்தில் நின்ற அவள் கணவன் குர்தினுக்கு முகமெல்லாம் பல். பாலாடைக்கட்டி செய்கிற மனிதன் அவன். பிறந்ததிலிருந்து மலைச் சைக்கிளில் கால் வைத்ததில்லை. ஆனால் எடை என்று வந்துவிட்டால் போதும், சாமி வந்துவிடும். வீட்டில் மாவு நிறுக்கும் தராசில் அவன் நிறுத்துப் பார்க்காத சைக்கிள் பாகம் கிடையாது. அதனால் லாதினா சுடுகிற வால்நட் கேக்கில் எப்போதும் லேசாக கிரீஸ் வாசனை அடிக்கும்.

"எட்டே முக்கால் கிலோ. நம்ம வீட்டுப் பூனை ரெண்டையும் சேத்துத் தூக்கினா இதைவிடக் கனம்," என்றான்.

கடைப் பெண் வந்தாள். "உங்க உயரம் எவ்வளவுங்க?"

"நூத்தி அறுபத்தெட்டு."

"அப்ப மீடியம்."

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காகவே அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது லாதினாவுக்கு. ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று சைக்கிளைக் கொடுத்தும் அனுப்பிவிட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பைன் காட்டு இறக்கத்தில் ஈர வேர் ஒன்றில் சக்கரம் வழுக்கி, லாதினாவின் இடது தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் எலும்பை நன்றாகத்தான் சேர்த்தார்கள். ஆனால் கால் வெளியே வரும்போது ஒரு கட்டைவிரல் அகலம் குறைந்து வந்தது. செருப்புக்குள் வைத்துக்கொள்ள டாக்டர் ஒரு தக்கைக் குதிகால் கொடுத்தார். அன்றிலிருந்து அவள் வெறுங்காலோடு யார் முன்னாலும் நின்றதில்லை. வீட்டுக்குள்ளும் செருப்பு, அதற்குள்ளும் தக்கை. கணவாய்க்கு மேலே போய்வரும் மஞ்சள் தபால் பஸ்ஸை ஓட்டுகிறவள் அவள். டிரைவர் சீட்டிலிருந்து இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு, பயணிகளிடம் ஏதோ வேடிக்கை பேசிக்கொண்டே வலது காலை முதலில் வைப்பாள். யாருக்கும் தெரியாது என்று அவள் நினைப்பு. எங்கடின் மாதிரி எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த ஒரு சுவிஸ் பள்ளத்தாக்கில் அப்படி நினைக்கவும் ஒரு தைரியம் வேண்டும்.

ஈஸ்டர் விருந்தில்தான் வினை ஆரம்பித்தது. நாத்தனார் அன்னதினா, ரொம்பப் பரிவாக, "மோட்டார் வெச்ச சைக்கிளா ஒண்ணு வாங்கிக்கோயேன் லாதினா. எண்பது வயசுப் பாதிரியாரே அதுலதான் கோயிலுக்குப் போறாரு," என்றாள். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பரிவைவிட எரிச்சல் மூட்டுவது உலகத்தில் என்ன இருக்கிறது? லாதினா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆகஸ்ட் சைக்கிள் பந்தயத்துல நான் கணவாய் ஏறுவேன். மோட்டார் இல்லாம. பாதிரியார் வேணும்னா மேல நின்னு கை தட்டட்டும்," என்றாள். மறுநாள் காலை ரொட்டிக் கடையில் அவளுக்கு முன்னாலேயே அந்தச் செய்தி போய் நின்றது. ஏறவில்லை என்றால் இனி ஆயுளுக்கும் அந்தப் பரிவைத் தின்றுகொண்டு இருக்கவேண்டியதுதான்.

ஏற ஒரு சைக்கிள் வேண்டும். பழையது அவளோடு சேர்ந்து அதே வேரில் விழுந்து, சட்டம் விரிசல் விட்டுக் கொட்டகையில் கிடந்தது. அதைக் கட்டியவன் தூரி. பழைய மரவாடி ஒன்றில் பட்டறை வைத்திருக்கிறான். ஆளைப் பார்த்து அளவெடுத்து, அந்த ஆளுக்கென்று சட்டம் கட்டுவான். வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆர்டர் வருகிறது, ஆனால் வாயில் மட்டும் மரியாதை வராது. லாதினா நேரில் போகாமல் குர்தினிடம் பழைய சைக்கிளைக் கொடுத்து அனுப்பினாள். இதே அளவு, இதே வடிவம், கொஞ்சம் லேசாக வேண்டும், அவ்வளவுதான். குர்தின் போன வேகத்தில் சைக்கிளோடு திரும்பி வந்தான்.

"என்ன சொன்னான்?"

குர்தின் தயங்கினான். "'இந்தப் பொம்பளைக்கு நான் பத்து வருஷம் முன்னாடியே கட்டியாச்சு. இப்ப இருக்கறவளை அனுப்பு'ன்னான்."

தூரியின் முறை அவளுக்குத் தெரியும். செருப்பைக் கழற்றி, வெள்ளையடித்த சுவரில் முதுகை ஒட்டி வெறுங்காலோடு நிற்கவேண்டும். அங்கே தக்கைக்கு இடம் கிடையாது. "அவன் கட்டவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்," என்றாள். அந்தக் கோபத்தில்தான் கடைக்குப் போனது.

கடைச் சைக்கிளின் சீட்டைத் தன் பழைய உயரத்துக்கே ஏற்றி வைத்துக்கொண்டாள். அந்த உயரம் அவளுக்குத் தன் பிறந்தநாள் மாதிரி மறக்காது. காட்டுப் பாதையில் முதல் ஏற்றத்திலேயே சைக்கிள் அவளுக்கு முன்னால் ஓடியது. மிதித்தது அத்தனையும் சக்கரத்துக்குப் போனது. ஐயோ, இரண்டு வருஷம் ஆயிற்றே இப்படி மூச்சு வாங்கி! வாய்விட்டுச் சிரித்தாள். மரத்தடியில் நின்ற பசு ஒன்று திரும்பிப் பார்த்தது. பாதை செங்குத்தானபோது இடுப்பில் ஏதோ பிடித்தது. ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் தாழ்ந்து கிடந்தது. அதை எட்டிப் பிடிக்க ஒவ்வொரு மிதிக்கும் அவள் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து எழவேண்டியிருந்தது. பழக்கம் விட்டுப்போச்சு, நாலு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டாள்.

காட்டுப் பாதை கணவாய்ச் சாலையில் வந்து சேரும் இடத்தில் மஞ்சள் பஸ் வந்தது. வழிவிட நிறுத்தி, எப்போதும் போல இடது காலை ஊன்றினாள். இடது காலைத்தான் ஊன்றுவாள், சின்ன வயதிலிருந்து அப்படித்தான். தரை வழக்கமான இடத்தில் இல்லை. கால் காற்றில் தரையைத் தேடிக்கொண்டிருக்க, அவள் சைக்கிளோடு சாவகாசமாகச் சாய்ந்து ஓரத்துப் புல் பள்ளத்தில் விழுந்தாள். ஓட்டத்தில் விழுந்தால் ஒரு கௌரவம் உண்டு. நின்ற இடத்தில் விழுந்தவளுக்கு என்ன உண்டு?

பஸ் நின்றது. டிரைவர் யாஹென், அவளோடு ஷிப்ட் மாற்றிக்கொள்கிறவன், மலை வளைவுகளில் தபால் பஸ்கள் அடிக்கிற மூன்று சுர ஹாரனை ஒருமுறை அடித்துவிட்டு இறங்கி வந்தான்.

"என்ன தாயே, பஸ்ஸை நிறுத்தக் கை காட்டினாப் போதாதா? படுத்துத்தான் மறிக்கணுமா?"

ஜன்னல்களில் சிரிப்பு. லாதினாவும் சிரித்துக்கொண்டே எழுந்தாள். சைக்கிள் ஷூவுக்குள் அவள் தக்கை வைத்திருக்கவில்லை. எழுந்து நின்றபோது உடம்பு இடப்பக்கம் இறங்கி நின்றது. யாஹென் அவள் காலைப் பார்த்தான். அவன் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"ஏறிக்கோ லாதினா. சைக்கிளைப் பின்னாடி மாட்டிடறேன்," என்றான். அன்னதினாவின் அதே குரல்.

"நீ போ யாஹென். வண்டி லேட்டாகுது."

பஸ் போனது. இப்படியே கீழே இறங்கினால் வீடு, அப்புறம் மோட்டார், அப்புறம் பாதிரியாருக்குத் துணை. இடதுபக்கம் திரும்பினால் தூரியின் மரவாடி. லாதினா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இடதுபக்கம் திரும்பினாள். இந்தத் தடவை நொண்டலை மறைக்கவில்லை.

தூரி வாசலுக்கு வந்தான். அவளைப் பார்ப்பதற்கு முன்னால் சைக்கிளைப் பார்த்தான். தூக்கினான், சுற்றினான், சக்கரத்தைத் தட்டினான்.

"நல்ல சைக்கிள். நான் குறை சொல்லமாட்டேன்."

"உன்னோடதைவிட லேசு."

"ஆமா. உனக்கு இரும்புலதான் கட்டணும். முக்கால் கிலோ கூடத்தான் வரும்."

"இதையே எனக்குச் சரி பண்ண முடியுமா?"

அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை, அதுதான் அவனிடம் இருக்கிற தொல்லை. "ஓரளவு முடியும். இடது ஷூவுக்கு அடியில ஏத்தலாம், பெடல் கம்பியைக் குட்டையாப் போடலாம். ஆனா உன் இடுப்பு முன்ன மாதிரி மடங்காது. ஹேண்டில்பார் கிட்ட வரணும், மேல வரணும். இதுல அதுக்கு இடமில்ல. புதுசாக் கட்டினா எல்லாம் அதது இடத்துல உக்காரும்." சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். "எதைச் செஞ்சாலும் அளவு வேணும். பழைய அளவு இல்ல."

"நான் இறங்கறதைப் பாத்திருக்கியா? பஸ்ல இருந்து?"

"நானும்தான் பஸ்ல வர்றேன்."

லாதினா சைக்கிளை ஒருமுறை பார்த்தாள். விரலில் தூக்கிய அந்தச் சந்தோஷம் இன்னும் விரலில் இருந்தது. வீட்டில் குர்தின் தராசைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பான். பாவம்.

"அந்த முக்கால் கிலோவை நான் சுமந்துக்கறேன்," என்றாள். "அளவு எடு."

முக்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள்.

"சாக்ஸையுமா?"

"சாக்ஸையும்தான்."

சிமெண்டுத் தரை சில்லென்று இருந்தது. சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். தூரி கீழே குனிந்து பார்த்துவிட்டு, "குதிகாலைக் கீழ வை," என்றான். அப்போதுதான் தான் இடது நுனிக்காலில் நிற்பது அவளுக்கே தெரிந்தது. எத்தனை நாளாக இப்படி? குதிகாலை இறக்கினாள். இடுப்பு ஒருபக்கம் சரிந்தது, தோள் அதன் பின்னாலேயே போனது. கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது, மூடவில்லை. தூரி கொத்தனார் வைத்திருப்பது போன்ற ரசமட்டத்தை எடுத்து அவள் இடுப்பெலும்பின் மேல் குறுக்கே பிடித்தான். உள்ளே இருந்த குமிழி வலதுபக்க மூலைக்கு ஓடி ஒட்டிக்கொண்டது.

மெல்லிய பிளைவுட் துண்டு ஒன்றை அவள் இடது பாதத்தின் அடியில் தள்ளினான். பிறகு இன்னொன்று. குமிழி மூலையை விட்டுக் கிளம்பியது. அவள் தலையைத் தாழ்த்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த துண்டில் அது கோட்டைத் தொட்டது.

"கிட்டத்தட்ட சரி. இது போதும்," என்று தூரி எழப் போனான்.

"கிட்டத்தட்ட வேண்டாம்," என்றாள் லாதினா. "இன்னும் ஒண்ணு வை."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். வைத்தான். மேலே கணவாய் வளைவில் யாஹென் ஹாரன் அடிக்கும் சத்தம் கேட்டது. குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவே வந்து, லேசாக நடுங்கி, நின்றது.