காதுக்குள் பாய்லர்

உட்கார்ந்து அழக்கூட எனக்கு நேரமில்லாமல் போன இரண்டு வருடங்கள் அவை.

என் வீட்டுக்காரர் ஞானசிங் சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் முப்பத்தோரு வருடம் பாய்லர் பார்த்தவர். ரிட்டயரான மறுவருடமே, காதுக்குள் புஸ் புஸ் என்று சத்தம் கேட்கிறது என்று ஆரம்பித்தார். நீங்கள் பாய்லரை விட்டாலும் பாய்லர் உங்களை விடாது போல என்று நான் சிரித்தேன். கூட வேலை பார்த்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் காது மந்தம். இவரோ சொன்னதையே சொல்லி உயிரை வாங்கினார். ஒருநாள், "ஆமா, கேக்கும். சும்மா கெடங்க" என்று கத்திவிட்டேன். அதோடு சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

பிறகு மறதி வந்தது. சர்ச்சுக்குப் போகிற வழி மறந்தது. சாப்பிட்ட கை காய்வதற்குள் மறுபடி சோறு கேட்டார். கடைசியில் என்னையே பார்த்து, யாரம்மா நீ என்றார். உள்ளூர் டாக்டர், வயசு மறதி, இனிமேல் இப்படித்தான் என்று மாத்திரை எழுதினார். குளிப்பாட்டி, லுங்கி மாற்றி, கதவைப் பூட்டிப் பூட்டி எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எனக்கும் அறுபத்துமூன்று. ஹைதராபாத்தில் இருக்கும் மகன் ஸ்டீவன் போனில் ஜெபம் மட்டும் பண்ணுவான்.

புத்தலப்பட்டு பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இவரை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். துணி மாறிப்போகாமல் இருக்கக் காலரில் பெயர் வேண்டும் என்றார்கள். பதினோரு சட்டையில் சிவப்பு நூலால் 'ஞானசிங்' என்று தைத்தேன். மூளை டாக்டர் சர்ட்டிபிகேட்டும் கேட்டார்கள். அதற்காகத்தான் திருப்பதி பஸ் ஏறினோம்.

டாக்டர் ஹரிபாபு சின்ன வயசுக்காரர். நான் சர்ட்டிபிகேட் கேட்க, அவர் தெலுங்கில், காதில் ஏதாவது சத்தம் கேட்கிறது என்பாரா என்றார். அது பாய்லர் சத்தம் என்று சலித்துக்கொண்டேன். அவர் எழுந்து வந்து, இவர் காதுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு அதைக் கழற்றி என் காதில் மாட்டினார்.

புஸ். புஸ். புஸ். நாடித் துடிப்போடு சேர்ந்து வந்தது.

ஸ்கேன் எடுத்தபின் டாக்டர் விளக்கினார். தலைக்குள் ஓர் இடத்தில் ரத்தம் கொண்டுவரும் குழாய், ரத்தம் வடியும் குழாயோடு நேராகச் சேர்ந்துவிட்டது. அதனால் ரத்தம் வடியாமல் மூளையில் தேங்குகிறது. தொடை வழியாக மெல்லிய ட்யூப் விட்டு, பசை போல ஒன்றால் அடைக்கலாம், எவ்வளவு தெளியும் என்று சொல்ல முடியாது என்றார். கையெழுத்துப் போட்டேன்.

அடைத்த மூன்றாம் வாரம், "என் துண்டு எங்க தபீதா?" என்றார். அடுப்படியில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். இரண்டாம் மாதம் தனியாகக் கடைக்குப் போய் வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது காலரைத் திருப்பிப் பார்த்தார்.

"இத்த யாரு தச்சது?"

"நாந்தான்."

"எதுக்கு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. இல்லத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தார்.

"சத்தம் கேக்குதுன்னு ஒன்னாண்ட சொல்லிக்கினே இருந்தேனே தபீதா."

கோபமே இல்லை அவர் குரலில். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சொன்னீங்க" என்றேன். "நாந்தான் வாய மூட வெச்சேன்."