மேற்குச் சுவர்க் கண்ணாடிகள்

கோகுலகிருஷ்ணன் இறந்து மூன்று மாதம் கழித்து, மே மாதத்து மதியம் ஒன்றில், அவன் மனைவி உமாதேவி கோவில்பட்டியில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை. அதற்குள் மின்சாரம் அளக்கும் மீட்டர், கொஞ்சம் ஒயர், துடைக்கிற துணி. பஸ் ஸ்டாண்டில் வெயில் தகித்தது. தகிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நாளாக எல்லாமே அப்படித்தான் இருந்தது. வேளை வந்தால் சாப்பிடுவாள். பக்கத்தில் யாராவது அழுதால் தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள். கோகுலைக் கிடத்தியிருந்த அன்றுகூட, வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு முப்பத்தொன்பது வயது. கோயம்புத்தூரில் தன் கம்பெனி மாடிப்படியில் ஏறியவன் பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்படியே போய்விட்டான்.

அவன் புதூர்ப் பக்கம் ஆடு வளர்க்கிற குடும்பத்துப் பிள்ளை. அவர்கள் ஆடுகள் காலங்காலமாக மேய்ந்த தரிசு, ஊர்க்காரர்கள் சிலருடைய பட்டா நிலம். அதை நிலத்துக்காரர்கள் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மழை ஏமாற்றிய அந்தக் கரிசலில் தப்பாமல் விளைந்தது வெயில் ஒன்றுதான். கம்பி வேலி போட்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கறுப்புத் தகடுகள் நின்றன. ஆடுகள் வேலிக்கு வெளியே நின்றன. கோகுலின் தம்பி நந்தகோபால் பாதி ஆட்டை விற்றான்.

ஊருக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து கோகுல் ஒரே பேச்சாகப் பேச ஆரம்பித்தான்.

"வெயிலப் பிடிக்க நெலம் எதுக்கு உமா? ஊர்ல இருக்க ஜன்னல் பூராவும் வெயில வாங்கிக்கிட்டு சும்மாதானே நிக்குது."

அப்படி ஒரு கண்ணாடி வந்திருந்தது. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை உள்ளே விட்டுவிட்டு, தெரியாத கதிர்களை மட்டும் பிடித்து மின்சாரமாக்கும். பார்த்தால் சாதாரண ஜன்னல் கண்ணாடிதான். உற்றுப் பார்த்தால் வடிகட்டிய தேயிலைத் தண்ணீர் மாதிரி லேசாக ஒரு நிறம். கோயம்புத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பூச்சு பூசுவார்கள். கோகுலும் அவனோடு படித்த நவநீதகிருஷ்ணனும் அதை வாங்கிச் சட்டம் போட்டு, ஒயர் இழுத்து, கட்டடங்களில் மாட்டிக் காட்டினார்கள். உமா அவர்கள் கம்பெனியின் இன்ஜினியர். எந்தக் கண்ணாடி எவ்வளவு கொடுக்கிறது என்று அளப்பது அவள் வேலை.

எட்டயபுரம் ரோட்டில் குழந்தைகள் ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் சுந்தரபாண்டியன் புதுக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார். மூன்று மாடி, மேற்கு பார்த்த முகப்பு முழுக்கக் கண்ணாடி. கோகுல் அவரிடம், "டாக்டர், உங்க ஆஸ்பத்திரி ஏசி பூரா இந்த முகப்புலயே ஓடும்" என்று சொல்லியிருந்தான். சோதித்துப் பார்ப்பதற்காகப் பழைய கட்டடத்தில், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தின் மேற்குச் சுவரில், நாலு கண்ணாடிகளை ஜனவரியில் மாட்டிவிட்டுப் போனான். பிப்ரவரியில் அவன் இல்லை. அந்தக் கண்ணாடிகளை அளக்கத்தான் உமா வந்திருந்தாள்.

கூடத்தில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். உமா ஓரத்து ஒயர்களில் மீட்டரை மாட்டினாள். மேற்கு வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. முள் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது. கண்ணாடிக்கு வெளிப்பக்கம் கரிசல் புழுதி படிந்திருந்தது. வெளியே போய் ஏணி போட்டுத் துடைத்துவிட்டு வந்து திரும்ப அளந்தாள். கொஞ்சம் கூடியது. ஆனாலும் ஜனவரியில் கோகுல் அளந்து அனுப்பியதில் கால்வாசி குறைந்திருந்தது. இந்தக் கோடை வெக்கைக்கே பூச்சு தளர்ந்திருந்தது.

"அக்கா, இதக் கழட்டிராதீங்க" என்றாள் அங்கே நின்ற நர்ஸ். "இந்த ஓரத்துல உக்காந்தா வெக்கை கொறச்சலா இருக்கு. எல்லாரும் இங்கனதான் வந்து உக்காருதாவ."

உமா அதையும் அளந்து பார்த்தாள். அந்தப் பெண் சொன்னது சரி.

டாக்டர் சுந்தரபாண்டியன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு மோர் கொடுக்கச் சொன்னார். கோகுலைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் விஷயத்துக்கு வந்தார்.

"முகப்புக்கு எப்பம்மா ஆர்டர் போடலாம்?"

"முகப்பு பூரா வேண்டாம் டாக்டர்."

"ஏன்?"

"அதுல ஏசி ஓடாது. மாடில சாதாரணத் தகடு போட்டா நூறு பங்கு கெடைக்கும்னு வச்சுக்கோங்க. இதுல பதினஞ்சுதான் கெடைக்கும். கண்ணாடி சுவரு மாதிரி நட்டமா நிக்குது, மத்தியானத்துக்கு மேலதான் வெயிலே விழும். வெக்கைல பூச்சும் கெட்டுப் போவுது."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதே நாற்காலில உக்காந்துதான் அவரு சொன்னாரு. ஏசி பூரா ஓடும்னாரு."

"ஆமா. சொன்னாரு."

"அப்ப அது பொய்யாம்மா?"

தனக்குள் கோபமோ வலியோ வரும் என்று உமா எதிர்பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. பஸ் கிளம்பும் நேரத்தைச் சொல்வது போலப் பதில் சொன்னாள்.

"பொய் இல்ல டாக்டர். அவருக்கு அவசரம். பத்து வருஷம் கழிச்சு நடக்கலாம்னு இருக்கத, இப்பவே நடந்துட்ட மாதிரி பேசுவாரு."

டாக்டர் மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "ஊர் பூரா சொல்லிட்டேன்" என்றார் பிறகு. "அவரு பேசிட்டுப் போனா ரெண்டு நாளைக்கு எனக்கே ஒரு தெம்பு இருக்கும். வேற யாரும் அப்படிப் பேச மாட்டாங்க."

"மாடில சாதாரணத் தகடு போடுங்க. காத்திருக்க எடத்துல மட்டும் இந்தக் கண்ணாடி இருக்கட்டும். வெக்கையக் கொறைக்குது. அங்க உள்ள லைட்டுக்கும் ஒரு ஃபேனுக்கும் இதுவே போதும். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

"யோசிக்குதேன்" என்றார் அவர்.

வாசலுக்கு வருவதற்குள் நவநீதகிருஷ்ணனின் போன் வந்துவிட்டது. டாக்டரே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்ட உமா? இந்த ஒரு ஆர்டர நம்பித்தான் கம்பெனி நிக்குது."

"ரெண்டு வருஷத்துல அது வெறுங்கண்ணாடி ஆகிரும்ணே. அப்ப அவரு நம்மளத்தானே தேடுவாரு?"

"கோகுல் இருந்தா இப்படிச் செஞ்சிருப்பானா?"

"செஞ்சிருக்க மாட்டாரு" என்றாள் உமா.

நவநீதகிருஷ்ணன் போனை வைத்துவிட்டான். அவள் ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, புதூர் பஸ் ஏறினாள். கோவில்பட்டி வரை வந்துவிட்டு மாமியாரைப் பார்க்காமல் போகக் கூடாது.

ஊருக்குப் பிரியும் விலக்கில் நந்தகோபால் மோட்டார் சைக்கிளோடு நின்றான். ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க வேலியும் தகடுகளும். எஞ்சிய ஆடுகள் ரோட்டோரத்து உடைமரத்தைக் கடித்துக்கொண்டிருந்தன.

"தகட்டுக்கு அடியில புல்லு நல்லா மொளைக்கு மதினி" என்றான் அவன் வண்டியை ஓட்டிக்கொண்டே. "ஆள் வச்சு வெட்டிப் போடுதாவ. ஆட்ட உள்ள வுட மாட்டாவ."

சற்றுத் தூரம் போனதும், "நவநீ அண்ணன் போன் பண்ணாரு. அம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு" என்றான்.

மாமியார் முத்துத்தாய் வாசலில் நின்றிருந்தாள். வா என்று சொல்லவில்லை. உமா கைகால் கழுவி உள்ளே வந்து உட்காரும்வரை பொறுத்திருந்தாள்.

"செத்தவன் சொன்ன சொல்ல அழிச்சிட்டு வந்திருக்கியாமே?"

"ஆமா அத்தே."

"என் மவன் ஜன்னல்ல கரண்டு எடுக்கப் போறான்னு நான் ஒவ்வொரு வீடா சொன்னேன். வேலி போட்டவன் மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். இனி எப்படி நான் வெளிய போவேன்? ஏட்டி, அவன் போன அன்னைக்கு நீ ஒரு சொட்டுக் கண்ணீர் வுடல. ஊரே பேசுச்சு. நான்தான், அதிர்ச்சி, வுடுங்கன்னேன். இப்ப அவன் பேரையும் வுட்டுட்டு வந்து நிக்க."

உமா தலையைக் குனிந்துகொள்ளவில்லை. எதிர்த்தும் பேசவில்லை. முத்துத்தாய் கத்துவது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. நியாயமாகவும் பட்டது. ஆனால் வேறு யாரையோ திட்டுவது போலிருந்தது. அவள் பேசாமல் இருந்தது முத்துத்தாயின் கோபத்தை இன்னும் கிளப்பியது.

"நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ" என்றாள் கடைசியில். "அது என்ன கண்ணாடின்னு நான் பாக்கணும்."

மறுநாள் காலையில் இருவரும் பஸ் ஏறினார்கள். ஆஸ்பத்திரிக் கூடத்தில் முத்துத்தாய் கண்ணாடி முன்னால் போய் நின்று, உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்தாள்.

"இதுவா?"

"இந்த நாலும்தான்."

"அவனே மாட்டுனானா?"

"அவரே மாட்டுனாரு."

"கரண்டு எங்க?"

உமா ஆஸ்பத்திரி எலெக்ட்ரீஷியனிடம் ஒரு சின்ன மேஜை ஃபேன் வாங்கி, ஒயரை மாட்டினாள். ஃபேன் அசையவில்லை. காலை வெயில் கட்டடத்துக்குக் கிழக்கே இருந்தது.

"மத்தியானத்துக்கு மேலதான் அத்தே வரும்."

"இருப்போம்."

இருந்தார்கள். முத்துத்தாய் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்த சோற்றை இருவரும் அங்கேயே சாப்பிட்டார்கள். காய்ச்சல் பிள்ளை ஒன்றை அதன் தாய் முத்துத்தாயின் மடியில் கொடுத்துவிட்டு மாத்திரை வாங்கப் போய் வந்தாள். வெயில் மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் முதலில் விழுந்து பிறகு மேலே ஏறியது. ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி சுற்றியது. பிறகு நிற்காமல் ஓட ஆரம்பித்தது. காற்று முத்துத்தாயின் முந்தானையை லேசாக அசைத்தது.

அவள் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இன்னும் கூடுமா?"

"இம்புட்டுதான் அத்தே."

"நாலு கண்ணாடிக்கும் சேத்தா?"

"நாலுக்கும் சேத்துதான்."

முத்துத்தாய் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இம்புட்டுக்கா அவன் அம்புட்டுப் பேசுனான்?" என்றாள். சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோது அது அழுகையாகியிருந்தது. உமா அவள் முதுகில் கை வைத்தாள்.

கொஞ்சம் அடங்கிய பிறகு முத்துத்தாய் கேட்டாள்: "உனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்."

"அவங்கிட்டச் சொன்னியா?"

"எத்தனையோ தடவை. கவனமாக் கேட்டுக்கிடுவாரு. மறுநாள் மறுபடியும் மொதல்ல இருந்து பேசுவாரு."

"சண்டை போட்டியளா?"

"இல்ல அத்தே. அவரு பேசுறதக் கேக்க எனக்குப் பிடிக்கும்."

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் ஒருதரம் இருமினாள். அது அத்தோடு போய்விட்டது.

"அந்த டாக்டருகிட்டச் சொன்னியாமே, அவன் பொய் சொல்லல, அவசரம்னு."

"ஆமா."

"சரியாத்தான் சொல்லியிருக்க" என்றாள் முத்துத்தாய். ஃபேனை அவளே குனிந்து நிறுத்தப் பார்த்தாள். சுவிட்சு எது என்று தெரியவில்லை. உமா ஒயரைக் கழற்றினாள்.

அன்று மாலை உமா கோயம்புத்தூருக்குப் போவதாக இருந்தது. முத்துத்தாய் புதூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தூக்குவாளியை வைத்து, வந்தவர்களிடமெல்லாம் "ஆள் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உமா கீழே நின்று பார்த்தாள். பிறகு ஏறிக்கொண்டாள். ஊரில் பத்து நாள்போல இருந்தாள்.

அந்த வருஷமே டாக்டர் புதுக் கட்டடத்தை முடித்துவிட்டார். மாடி முழுக்கச் சாதாரணத் தகடு போட்டார். முகப்புக்குச் சுவரே எழுப்பினார். காத்திருக்கும் கூடத்தில் மட்டும், மேற்கே, அந்தக் கண்ணாடிகளைப் போடச் சொன்னார். நவநீதகிருஷ்ணன் கம்பெனியைச் சாதாரணத் தகடு மாட்டும் கம்பெனியாக மாற்றிக்கொண்டான். உமாவோடு வெகுநாள் பேசவில்லை. தீபாவளிக்கு மட்டும் போன் செய்தான். அப்போதும் கோகுலைப் பற்றி இருவரும் பேசவில்லை.

உமா பூச்சு பூசுகிற ஆய்வுக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். வெக்கையில் அது ஏன் தளர்கிறது, எப்படி நிறுத்துவது என்று பார்க்கிற வேலை. கண்ணாடிகளைக் கோடை வெயிலில் வைத்துப் பார்க்கக் கோவில்பட்டியைவிட நல்ல இடம் கிடையாது என்று அவள் சொன்னதை ஒத்துக்கொண்டார்கள். புதுப் பூச்சு பூசிய கண்ணாடிகள் ஆஸ்பத்திரிச் சுவரில் ஏறின. பழையதைவிடக் கொஞ்சம் தாங்கின. ரொம்பத் தாங்கின என்று சொல்ல முடியாது. மாதம் ஒரு தடவை அளக்கப் போவாள், ஊருக்கும் போய் வருவாள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் அப்படி ஒரு தடவை திரும்பி வருகையில், சாத்தூரில் பஸ் நின்றது. வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவள் ஜன்னலில் கூடையைத் தூக்கிக் காட்டினாள். உமா வேண்டாம் என்று கையசைத்தாள். பஸ் கிளம்பியது. ஊர் தாண்டி, மழைக்கு முன்னால் உழுது போட்ட கரிசல் இரண்டு பக்கமும் வர ஆரம்பித்ததும், எந்தக் காரணமும் இல்லாமல் அவளுக்கு அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை. வாய்விட்டே அழுதாள். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் மடியில் இருந்த மூட்டையைக் காலடிக்கு மாற்றி, அவள் சாய்ந்துகொள்ள இடம் விட்டாள்.

விருதுநகரில் பஸ் நின்றபோது உமா இறங்கிப் போய், குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.