பெடலில் மாட்டிய கால்

முதுகுக்கு அடியில் பாறை, முகத்துக்கு மேலே வானம். மலை முகட்டுப் பாதையில் மல்லாந்து கிடந்த என் அத்தான் கேட்ட முதல் கேள்வி, "கேமரா ஓடுதா, மாப்ள?"

ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் தலைக்கவசத்தின் உச்சியில் சிவப்புப் புள்ளி மினுக்கியது.

அத்தான் காப்பீட்டு நிறுவனமொன்றில் கிளை மேலாளர். திங்கட்கிழமை தோறும் ஊழியர்களை நிற்க வைத்துப் பேசுவார். ஐம்பதைத் தொட்டதும் மலைச் சைக்கிள் வாங்கினார். அன்றிலிருந்து பேச்சு முழுக்கப் பாறை, சரிவு, துணிவு. ஊழியர்கள் கைதட்டினார்கள். தட்டாதவன் விடுப்புக் கேட்டு வந்து நிற்க முடியாதே. வரும் திங்களுக்குப் படமே காட்டுவதாக அறிவித்திருந்தார். நான் பல் செட் செய்கிறவன். எனக்கும் மலைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. "கூடப் போடா, தனியா விட்டா எதையாவது இழுத்துட்டு வருவாரு" என்று அக்கா விரட்டியதால் இரவல் சைக்கிளில் வந்தேன். அடிவாரத்தில் அத்தான் என் தோளைத் தட்டி, "விழுந்தா பல்லுக்கு நீ இருக்க, எனக்கென்ன கவலை" என்றார்.

காலில் புதுக் காலணி. அதன் அடியில் ஒரு கொக்கி. மிதித்தால் பெடலோடு 'டக்' என்று பூட்டிக்கொள்ளும், குதிகாலை வெளியே திருகினால் 'டக்' என்று விட்டுவிடும். "இனிமே சைக்கிளும் நானும் ஒரே உடம்பு, மாப்ள."

முகடு குறுகிய இடத்தில் நான் இறங்கி உருட்டினேன். அவர் இறங்கவில்லை. ஒரு பாறைப் படியில் முன்சக்கரம் முட்டி நின்றது. ஊன்றுவதற்குக் கால் வரவில்லை. ஒரே உடம்பாகவே சாய்ந்து, கீழிருந்த பாறைமேல் விழுந்தார்கள்.

அவர் கேமராவை விசாரித்துக்கொண்டிருந்தபோதே நான் அவர்மேல் கிடந்த சைக்கிளை அகற்றிவிட்டேன். இடது கால் விழுந்த வேகத்திலேயே கழன்றிருந்தது. வலதுபக்கக் கொக்கி மசியவில்லை. பட்டையைப் பிரித்து, காலணியைப் பெடலிலேயே விட்டுவிட்டுக் காலை மட்டும் உருவினேன். முழங்கால் போகக் கூடாத பக்கம் போயிருந்தது. அவர் முனகக்கூட இல்லை. பேசுகிறபடி நடக்கிற மனுஷன்தான் போலிருக்கிறது என்று, இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். ஆட்கள் நடந்துதான் ஏற வேண்டும், அதுவரை அவரை அசைக்காதீர்கள் என்றார்கள்.

"மாப்ள."

"சொல்லுங்க அத்தான்."

"ஆளுங்க வர்றது இருக்கட்டும். மொதல்ல என் வலது காலைக் கழட்டி விடு. சைக்கிள் கனம் போட்டு அழுத்துது."

சைக்கிள் நாலடி தள்ளிக் கிடந்தது. அவருடைய வலது பாதம் வெறும் காலுறையோடு வெயிலில் கிடந்தது. பெருவிரலைக் கிள்ளினேன். நகம் பதியக் கிள்ளினேன்.

"தூங்கிட்டியாடா? கழட்டி விட்டா எந்திரிச்சிருவேன். திங்கக்கிழமை இதைத்தான் பேசணும்."

"இருங்க அத்தான். கொக்கி இறுகிக் கெடக்கு."

அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார். நான் சைக்கிளருகே மண்டியிட்டு, பெடலில் தொங்கிய காலணிக்குள் கையை விட்டு, மறுகையால் குதிப்பக்கத்தைப் பிடித்து, பலம் கொண்டமட்டும் திருகினேன்.

டக்.

"அப்பாடா," என்றார் அத்தான். "இப்பத்தான்டா கால் லேசா இருக்கு."

என் கை காலணிக்குள்ளேயே இருந்தது. உள்ளே இன்னும் சூடு ஆறவில்லை.